கடைசி ஆளுக்கு ஊற்றிய மருந்து

மருந்து கொடுக்கும் ஜன்னலில் அம்மாக்கண்ணு பாட்டிலை டக்கென்று வைத்தாள். வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

“இத நீ குடி. எங்கூட்டுக்காரரு குடிச்ச மருந்துதான். நீ ஒரு மடக்கு குடிச்சிக் காட்டு, நான் பேசாம போய்க்கினே இருக்கறேன்.”

ஜன்னலுக்கு உள்ளே நின்றிருந்த வசந்திக்கு இருபத்து நான்கு வயது. ஒடுகத்தூர்ப் பெண். மருந்தாளுநர் படிப்பு முடித்த கையோடு ஜவ்வாது மலைமேல் புளியமரத்தூர் சுகாதார நிலையத்தில் வேலை கிடைத்தது. அது எழுபத்தெட்டாம் வருஷம். அவள் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன்பு அந்த ஜன்னலில் பெண் யாரும் நின்றதில்லை என்பதால், ‘கம்பவுண்டரம்மா’வைப் பார்ப்பதற்கென்றே சிலர் தலைவலி என்று சொல்லிக்கொண்டு வந்து போனார்கள். அவள் அதற்கெல்லாம் கூச்சப்படுகிறவள் இல்லை. தலைவலிக்கு மாத்திரை கொடுத்து, தன் முன்னாலேயே விழுங்கச் சொல்லிவிடுவாள்.

“குடிக்கறது இருக்கட்டும்க்கா. இன்னா ஆச்சின்னு சொல்லு மொதல்ல.”

அம்மாக்கண்ணு சொன்னாள். அவள் ஊர் வேங்கைக்காடு. மலையில் அந்த ஆஸ்பத்திரிக்கு வருகிற ஊர்களிலேயே கடைசி ஊர். சாமை விதைத்த காட்டைத் தாண்டி, இரண்டு ஓடை இறங்கி ஏறி வர வேண்டும். புருஷன் சின்னராசுவுக்கு நெஞ்சுக்குழிக்குக் கீழே எரிச்சல். டாக்டர் பார்த்து வயிற்று மருந்து எழுதிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு போய்க் குடித்தான்.

“வயித்து வலின்னு வந்தோம். வயித்தால போவ ஆரமிச்சிட்சி. விடிய விடிய காட்டுக்கும் வூட்டுக்குமா ஓடி, கடைசியில எழுந்து நிக்கக் கூட முடியல. மாதையனுக்கும் இதே மாதிரிதான் ஆச்சி. அவங்க அண்ணன் பொண்டாட்டிக்கும் ஆச்சி. எங்க ஊருக்குன்னு தனியா வெஷம் வெச்சிருக்கீங்களா?”

வரிசையில் இரண்டாவதாக நின்றிருந்த திரௌபதி சிரித்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவள். காலையில் கதவு திறக்கும்போதே வந்து நிற்கிறவள்.

“வெஷமா? எங்களுக்கு ஊத்தறதெல்லாம் வெறும் தண்ணி. பெப்பர்மென்ட் வாசன மட்டும் வரும். ஒரு பாட்டில் குடிச்சாலும் ஏப்பம் கூட வராது. உங்களுக்கு மட்டும் எங்கேர்ந்து வெஷம் வரும்?”

வசந்தி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரே ஜாடியிலிருந்து ஊற்றிய ஒரே மருந்து. ஒருத்திக்குத் தண்ணீர், இன்னொருத்திக்கு விஷம். அவள் அம்மாக்கண்ணுவின் பாட்டிலை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துச் சாய்த்தாள். கால் பாட்டில் மருந்து மிச்சம் இருந்தது. அது நகரவில்லை. அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படிந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

“இத நான் குடிக்க மாட்டேன்க்கா,” என்றாள்.

கூட்டத்தில் சலசலப்பு. அம்மாக்கண்ணுவே ஒரு கணம் திகைத்துப் போனாள். சண்டைக்கு வந்தவளுக்கு எதிராளி சட்டென்று விட்டுக்கொடுத்தால் என்ன செய்வதென்று தெரியாதே, அப்படி.

“குடிச்சா எனக்கும் அதேதான் ஆவும். நீ சொல்றது நெஜம். தப்பு எங்க பக்கம்தான். எங்கன்னு இன்னிக்குள்ள கண்டுபுடிச்சிட்டு, நாளைக்கு நானே உங்க ஊருக்கு வர்றேன்.”

“வந்து பாரு,” என்றாள் அம்மாக்கண்ணு. அது அழைப்பா மிரட்டலா என்று வசந்திக்குத் தெரியவில்லை. புருஷன் வீட்டில் தனியாகக் கிடக்கிறான் என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பிப் போய்விட்டாள்.

அன்றைக்கு வயிற்று மருந்து எழுதி வந்த யாருக்கும் வசந்தி அதை ஊற்றவில்லை. கூட்டம் கலைந்ததும் உள்ளறைக்குப் போய் மக்னீசியம் கார்பனேட் டின்னை இறக்கினாள். வயிற்று மருந்தின் முக்கியச் சரக்கு அதுதான். அதோடு சோடா உப்பும் பெப்பர்மென்ட் தண்ணீரும் சேர்த்துத் தினமும் காலையில் ஒரு பெரிய பீங்கான் ஜாடி நிறைய அவள்தான் கலக்குவாள். சுவரில் ஒட்டியிருந்த அளவுப்படி ஒரு குன்றிமணி கூடக் கூடாமல் குறையாமல் நிறுத்துப் போடுவாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

டின்னைத் திருப்பிப் பார்த்தாள். ‘ஹெவி’ என்று அச்சடித்திருந்தது. அலமாரியின் மேல்தட்டில் காலியாகக் கிடந்த பழைய டின்னை எட்டி எடுத்தாள். அதில் ‘லைட்’ என்றிருந்தது.

அவளுக்குக் கன்னத்தில் யாரோ அறைந்தது போல இருந்தது. படிப்பில் இது முதல் வருஷப் பாடம். பெயர் ஒன்று, செய்கிற வேலை ஒன்று, ஆனால் சரக்கு இரண்டு வகை. லேசான வகை பஞ்சு மாதிரி. தண்ணீரில் போட்டால் வெகுநேரம் மிதந்துகொண்டே இருக்கும். கனமான வகை மணல் மாதிரி. கலக்கிய கையை எடுப்பதற்குள் கீழே போய் உட்கார்ந்துவிடும். அதைப் பிடித்து நிறுத்தப் பிசின் தூள் சேர்க்க வேண்டும். சுவரில் இருந்த அளவு லேசான வகைக்கு எழுதியது. அதில் பிசினே கிடையாது. எப்போதோ கீழேயிருந்து வேறு டின் வந்திருக்கிறது. எடை சரியாக இருந்ததால் யாரும் பெயரின் வாலைப் படிக்கவில்லை. மூன்று மாதமாக அவளும் படிக்கவில்லை.

தண்ணீருக்கும் விஷத்துக்கும் பாதிக் காரணம் இது. மீதிக் காரணம் வராந்தாவில் ஜாடியைக் கழுவிக்கொண்டிருந்தது.

சேட்டு அந்த ஆஸ்பத்திரியில் உதவியாள். அடிவாரத்துக்காரர், நாற்பது வயது. வசந்தி கலக்கி வைக்கும் மருந்தை ஜாடியிலிருந்து கரண்டியால் மொண்டு, ஆட்கள் கொண்டு வரும் பாட்டிலில் ஊற்றுவது அவர் வேலை. பாட்டிலின் பக்கத்தில் ஒரு வேளைக்கு எவ்வளவு என்று வெட்டிய காகிதப் பட்டையைக் கோந்து தடவி ஒட்டுவதும் அவர்தான். பட்டை ஒருநாளும் கோணியதில்லை.

“சேட்டண்ணே, ஊத்தறதுக்கு முன்னாடி ஜாடிய கலக்குவீங்களா?”

“காலையில நீங்க கலக்கிக் குடுக்கறீங்களே, அப்புறம் இன்னாத்துக்கும்மா?”

“கடைசியில அடியில கெட்டியா நிக்குமே, அத இன்னா பண்ணுவீங்க?”

சேட்டுவின் முகம் மலர்ந்தது. நல்ல காரியத்தைக் கேட்டுவிட்டாள் என்று நினைத்தார்.

“அத நான் வேங்கைக்காட்டு ஜனங்களுக்குன்னு வெச்சிருப்பேன். பாவம், எவ்ளோ தூரம் நடந்து வர்றாங்க. அவங்க வந்து சேர்றதுக்குள்ள இங்க கூட்டமே முடிஞ்சிடும். அவங்களுக்குப் போய் தண்ணியா ஊத்த மனசு வருமா? நல்லா சொரண்டி, கெட்டியா பார்த்து ஊத்துவேன்.”

வசந்தி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் விளக்கிச் சொல்லச் சொல்ல, சேட்டுவின் கை ஜாடியின் விளிம்பிலேயே நின்றுவிட்டது. பத்துப் பேருக்குப் போக வேண்டிய சரக்கு ஒரு ஆளின் வயிற்றுக்குப் போயிருக்கிறது. அந்தச் சரக்கு கொஞ்சமாகப் போனால் புளிப்பை அடக்கும். அளவுக்கு மீறிப் போனால் பேதியைக் கிளப்பும்.

“நான் நல்லதுன்னுதாம்மா…” என்று ஆரம்பித்தார். ஜாடியை ஓரமாக வைத்துவிட்டு, கொல்லைப் பக்கம் போய் வெகுநேரம் நின்றார்.

டாக்டர் லட்சுமணன் கலசப்பாக்கத்துக்காரர். சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, வசந்தி சொன்னதை முழுக்கக் கேட்டார். ஒரு வாய் கூடச் சாப்பிடவில்லை.

“வேங்கைக்காட்டுலேர்ந்து யாரும் ரெண்டாந்தரம் வர்றதில்ல. நானும் கொணமாயிட்டாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்,” என்றார். பிறகு, “அந்தச் சின்னராசு எனக்கு ஞாபகம் இருக்கு. ஒல்லியா, கன்னம் ஒட்டிப் போய் இருந்தான். எனக்கு என்னமோ அது வெறும் எரிச்சலா படல. மறுபடி வரச் சொன்னேன், வரவே இல்ல.”

“நாளைக்கு நான் அங்க போறேன் சார்.”

“போ. மருந்து கையோட எடுத்துக்கினு போ. ஆனா சரியான மருந்தா எடுத்துக்கினு போ.”

மத்தியானம் முழுக்க உள்ளறையில் வசந்தியின் வேலை நடந்தது. மேஜையைத் துடைத்தாள். கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற விட்டாள். பிரிக்காமலே கிடந்த பிசின் தூள் புட்டியை உடைத்து மோந்து பார்த்தாள். கெட்டுப் போகவில்லை.

முதல் தடவை பிசினைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டுவிட்டாள். மருந்து வழவழவென்று போஸ்டர் ஒட்டுகிற பசை மாதிரி ஆகிவிட்டது. பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் இறங்க யோசித்தது. தூக்கிக் கொட்டினாள். அதில் அவளுக்கு வருத்தமில்லை, கை அளவு பிடிபட வேண்டுமே.

இரண்டாவது தடவை நிதானமாகச் செய்தாள். மக்னீசியத்தையும் சோடா உப்பையும் பிசின் தூளையும் கல்வத்தில் உலர்ந்தபடியே போட்டு, ஒன்றோடொன்று பிரிக்க முடியாமல் கலக்கும் வரை அரைத்தாள். பிசினைத் தனியாகத் தண்ணீரில் போட்டால் வெளியே வழவழப்பும் உள்ளே மாவுமாகக் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். பொடியோடு பொடியாகக் கலந்துவிட்டால் அது திரளாது. பிறகு பெப்பர்மென்ட் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு இட்லி மாவுப் பதத்துக்கு விழுதாக்கினாள். விழுதை விரலில் தொட்டு, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். நெருநெருப்பு இல்லை. அதற்கப்புறம்தான் தண்ணீரை அதிகமாக்கி, அளவு ஜாடியில் ஊற்றி, கல்வத்தையும் அலசி அந்தத் தண்ணீரையும் அதிலேயே சேர்த்து, கோடு வரைக்கும் நிரப்பினாள்.

காலையில் கலக்கியதிலிருந்து எடுத்து வைத்த பழைய மருந்தைக் கண்ணாடிப் பாட்டில் ஒன்றில் ஊற்றினாள். புதியதை இன்னொன்றில். இரண்டையும் குலுக்கி ஜன்னல் விளிம்பில் வைத்தாள். சேட்டுவும் வந்து பக்கத்தில் நின்றார். பழையதில் வெள்ளை சரசரவென்று இறங்கி, மேலே தண்ணீர் தெளிந்தது. புதியது பால் மாதிரி நின்றது. சேட்டு வெற்றிலை போட்டுத் துப்பிவிட்டு வந்து பார்த்தார். அப்போதும் நின்றது.

“நாளைக்கு நானும் வர்றேம்மா,” என்றார். “ஊத்தினவன் நான். நீங்க மட்டும் போய் திட்டு வாங்கக் கூடாது.”

மறுநாள் காலையில் மூடுபனி விலகியதும் கிளம்பினார்கள். வேங்கைக்காட்டில் நுழையும்போதே நாய்கள் குரைத்தன. களத்தில் சாமை தூற்றிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். மாதையன் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். பேதியில் மூன்று நாள் கிடந்தவர் அவர். ஊரில் அவர் பேச்சுக்கு மதிப்பு உண்டு.

“இன்னா, வூடு தேடி வந்து ஊத்தறீங்களா இப்ப?”

வசந்தி பேச வாய் திறந்தாள். அதற்குள் சேட்டு முன்னால் போனார்.

“மாதையா, உனுக்கு ஊத்தினது நான்தான். கெட்டியா இருந்தா நல்லதுன்னு நெனச்சி, ஜாடி அடிய சொரண்டி உங்க ஊர்க்காரங்களுக்கே ஊத்தினேன். அதுதான் உங்களப் போட்டு அடிச்சிருக்குது. எனக்குத் தெரியல. தப்பு பண்ணிட்டேன்.”

மாதையன் சேட்டுவையே பார்த்துக்கொண்டு நின்றார். வசந்தி பையிலிருந்து பழைய மருந்துப் பாட்டிலை எடுத்துக் களத்துக் கல்லின் மேல் வைத்தாள். நடந்து வந்த குலுக்கலில் கலந்து வெள்ளையாக இருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்க ஆரம்பித்தது. புதிய பாட்டிலையும் பக்கத்தில் வைத்தாள்.

ராணியம்மாள் என்கிற வயசான பொம்பளை குனிந்து இரண்டையும் உற்றுப் பார்த்தாள்.

“அட, கூழு தெளியற மாதிரி தெளியுதுடா,” என்றாள். “கலக்காத மொண்டு ஊத்தினா மொதல்ல வர்றவனுக்குத் தண்ணி, கடைசியில வர்றவனுக்குக் கட்டி. இதுகூடத் தெரியாமயா அங்க குந்திக்கினு இருக்கறீங்க?”

“தெரியாமத்தான் இருந்தோம் பாட்டி,” என்றாள் வசந்தி. “இப்பத் தெரிஞ்சிடுச்சி.”

யாரோ ஒருவர் சிரித்தார். மாதையன் சிரிக்கவில்லை. ஆனால் முறத்துப் பக்கம் திரும்பி, “அம்மாக்கண்ணு வூடு அந்தக் கடைசி,” என்று கையைக் காட்டினார்.

சின்னராசு கயிற்றுக் கட்டிலில் சுருண்டு கிடந்தான். வாசல் வெளிச்சம் முகத்தில் பட்டும் கண் திறக்கவில்லை. அம்மாக்கண்ணு கோபத்தில் சொன்னதைவிட அவன் நிலைமை மோசமாக இருந்தது. உதடு வெளுத்திருந்தது. வசந்தி அவன் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பே இல்லை.

“பேதி நின்னுடுச்சா?”

“அது அன்னிக்கே நின்னுட்சி,” என்றாள் அம்மாக்கண்ணு. நேற்றைய வேகம் குரலில் இல்லை. “ஆனா வெளிய போறது கருப்பா போவுது. தார் மாதிரி. எழுந்தா தல சுத்துதுன்றாரு.”

வசந்தி கையிலிருந்த மருந்துப் பாட்டிலைப் பைக்குள் திரும்ப வைத்தாள்.

“இதுக்கு நான் கொண்டாந்த மருந்து பத்தாதுக்கா. உள்ள புண்ணாயி ரத்தம் போவுது போல இருக்கு. டாக்டர் பார்க்கணும். இப்பவே.”

“மறுபடியும் அங்கயா?” என்று கட்டிலிலிருந்து சின்னராசு முனகினான். “நான் வரல. இங்கயே கெடந்து சாவறேன்.”

“நீங்க திட்டறதா இருந்தா அங்க வந்து திட்டுங்கண்ணே,” என்றாள் வசந்தி. “டாக்டரையும் சேர்த்தே திட்டுங்க. இங்க படுத்துக்கினு திட்டினா எங்களுக்குக் கேக்காது.”

அவன் கண் திறந்து அவளைப் பார்த்தான். அம்மாக்கண்ணு அதற்கு மேல் அவனிடம் கேட்கவில்லை. வாசலுக்குப் போய் மாதையனைக் கூப்பிட்டாள். கம்பும் போர்வையுமாகத் தூளி கட்டினார்கள். முதல் தோளாகச் சேட்டு நுழைந்தார். மாதையன் பின்பக்கம் பிடித்தார். ஓடை இறக்கத்தில் கால் வழுக்கியபோது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டு நிதானப்படுத்திக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் லட்சுமணன் அவன் வயிற்றில் கை வைத்தவுடனேயே ஜீப்புக்குச் சொல்லிவிட்டார். வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரே கூடப் போனார். அமிர்திக்கு இறங்கும் வளைவுகளில் சின்னராசுவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அம்மாக்கண்ணு உட்கார்ந்திருந்தாளாம். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்று அங்கே சொன்னார்கள். ரத்தம் ஏற்றி, வயிற்றைத் திறந்து புண்ணைத் தைத்தார்கள். ரத்தம் கொடுக்க மலையிலிருந்து இறங்கிப் போனவர்களில் மாதையனும் ஒருவர்.

பீங்கான் ஜாடி அதற்கப்புறம் வராந்தாவுக்கு வரவில்லை. வசந்தி பெரிய புட்டிகளில் கலந்து வைத்தாள். ஒவ்வொரு ஆளுக்கும் புட்டியைக் குலுக்கி அளவுக் கிளாஸில் ஊற்றிக் கொடுத்தார் சேட்டு. மண்ணெண்ணெய் வாசனையோடும் சாராய வாசனையோடும் வருகிற பாட்டில்களை வெந்நீரில் கழுவாமல் தொடுவதில்லை. ‘குலுக்கிக் குடிக்கவும்’ என்று சீட்டு ஒட்டினார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குச் சேட்டு அவர்கள் முகத்துக்கு நேரே பாட்டிலைக் குலுக்கு குலுக்கென்று குலுக்கி, “இப்படி ஆட்டிட்டுத்தான் குடிக்கணும், இன்னா?” என்று கேட்டு, அவர்களும் ஒருமுறை ஆட்டிக் காட்டிய பிறகுதான் விடுவார். வேங்கைக்காடு மாதிரி தூரத்து ஊர்களுக்கென்று வாரத்தில் ஒரு மத்தியானம் ஜன்னலைத் திறந்து வைக்க டாக்டர் ஏற்பாடு செய்தார். முதல் வாரம் ராணியம்மாள் மட்டும் வந்தாள். அடுத்த வாரம் களத்தில் பார்த்த முகங்கள் பாதிக்கு மேல் வந்தன.

திரௌபதி புது மருந்தைக் குடித்துவிட்டு மறுநாளே வந்தாள். “இப்பத்தான்டி மருந்து மாதிரி இருக்குது. ஆனா கொஞ்சம் கொழகொழன்னு இருக்குதே?” என்றாள்.

“அந்தக் கொழகொழதான் மருந்தப் புடிச்சி வெக்குது. சும்மா குடி.”

சின்னராசு திரும்பி வந்தபோது சாமை அறுவடை முடிந்து போயிருந்தது. உடம்பில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் ஆஸ்பத்திரி ஜன்னலில் நின்று, சட்டையைத் தூக்கி, வயிற்றில் இருந்த தையலை வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் காட்டினான். அம்மாக்கண்ணு வெட்கப்பட்டு அவன் சட்டையை இழுத்து விட்டாள்.

உள்ளே வசந்தி பீங்கான் தட்டின் மேல் கந்தகத் தூளைக் கொஞ்சம் எண்ணெய் விட்டு, தட்டையான கத்தியால் அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட விடுதிப் பிள்ளைகளுக்குச் சொறி வந்திருந்தது. களிம்பு சாயங்காலத்துக்குள் தேவைப்பட்டது.

“இன்னாம்மா அது, இந்த நாத்தம் நாறுது?” என்று சின்னராசு மூக்கைப் பிடித்தான்.

“சொறிக்குக் களிம்பு. உங்களுக்கு வேணாம், நகருங்க. பின்னாடி ஆளு நிக்கறாங்க.”

அம்மாக்கண்ணு நகரவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வசந்தி கத்தியைத் திருப்பித் திருப்பி இழுப்பதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எவ்ளோ நேரம் தேப்ப?”

“நெருநெருப்பு போற வரைக்கும்.”

“எங்க, காட்டு.”

வசந்தி விழுதில் ஒரு துளியை எடுத்துக் கம்பி வழியாக அவள் புறங்கையில் வைத்தாள். அம்மாக்கண்ணு விரலால் தடவிப் பார்த்தாள்.

“இன்னும் கொஞ்சம் இருக்குது,” என்றாள்.

வசந்தியும் தடவிப் பார்த்தாள். இருந்தது. சிரித்துக்கொண்டே கத்தியை மறுபடி தட்டில் வைத்து அழுத்தினாள்.